விரல் வலிக்குதா? முதல்ல 17-வது ஃப்ரெட்டை அளந்து பாருங்க

பேஸ் கிட்டார் வாங்கி முதல் ரெண்டு மாசத்துலயே விட்டுட்டுப் போறவங்க நம்ம காலேஜ்ல நிறைய பேர். ஏன்னு கேட்டா பதில் ஒண்ணுதான்: "விரல் வலிக்குது, நமக்கு செட் ஆகாது." பேஸ் கம்பி தடிமன், வலிக்கத்தான் செய்யும், பழகினா சரியாயிடும்னு சீனியர்களும் சொல்லி அனுப்பிடுவாங்க. அதுல பாதிதான் உண்மை. பெட்டியிலிருந்து வெளியே வர்ற புது பேஸ் பல நேரம் வாசிக்கவே தயாரா இருக்காது. அது ஒரு நாட்டுல செஞ்சு, கன்டெய்னர்ல கடல் தாண்டி, நம்ம ஊர் குடோன்ல கிடந்து வந்திருக்கும். நெக் மரம். ஈரப்பதம் மாறினா மரம் அசையும். கடைசி அட்ஜஸ்ட்மென்ட்டை வாங்கினவர்தான் செய்யணும், அதுக்காகத்தான் அத்தனை திருகுகள்.

எங்க விங்ல ஒரு ஜூனியர் போன செமஸ்டர் வாங்கின பேஸை மூணே வாரத்துல விக்கப் போட்டான். இன்டர்ன்ஷிப் ஸ்டைபண்ட் முழுசும் அதுல போயிருந்தது. அளந்து பார்த்தா தடிமனான இ கம்பி 17-வது ஃப்ரெட்டுக்கு மேல 4 மி.மீ. உயரத்துல நிக்குது. ஃபெண்டர் வகை பேஸுக்குப் பொதுவா சொல்ற அளவு அந்த இடத்துல சுமார் 2.4 மி.மீ., மெல்லிய ஜி கம்பிக்கு சுமார் 2 மி.மீ. அவன் விரல்ல ஒரு குறையும் இல்லை. ஒவ்வொரு நோட்டுக்கும் தேவையில்லாத தூரம் அமுக்கிட்டு இருந்தான், அவ்வளவுதான்.

இந்த உயரத்துக்குப் பேர் ஆக்‌ஷன். இதைச் சரிபண்ண ரெண்டு இடம் இருக்கு: நெக்குக்குள்ள ஓடுற ட்ரஸ் ராட், பிரிட்ஜ்ல இருக்கிற சேடில். இங்கதான் எல்லாரும் குழம்புவாங்க. வீடியோ பார்த்துட்டு, கம்பி உயரமா இருக்கு, ட்ரஸ் ராடைத் திருகுன்னு ஆரம்பிச்சிடுவாங்க. ட்ரஸ் ராட் கம்பி உயரத்துக்கான கருவி இல்லை. அது நெக்கோட வளைவுக்கு. வளைவை முதல்ல சரிபண்ணிட்டு, அப்புறம் உயரம், கடைசியா இன்டொனேஷன். இந்த வரிசையை மாத்தினா ஒண்ணைச் சரிபண்ணும்போது இன்னொண்ணு கெடும், ராத்திரி முழுக்க சுத்திச் சுத்தி அதையேதான் பண்ணிட்டு இருப்பீங்க.

நெக் ஏன் வளையுது? 34 இன்ச் ஸ்கேல், அதாவது நட்டிலிருந்து பிரிட்ஜ் வரை சுமார் 864 மி.மீ. லியோ ஃபெண்டர் 1951-ல கொண்டு வந்த பிரிசிஷன் பேஸ்ல இருந்து இன்னிக்கு வரைக்கும் பெரும்பாலான பேஸ்ல இதே நீளம்தான். இந்த நீளத்துல நாலு கம்பியையும் ட்யூன் பண்ணினா மொத்த இழுவிசை கிட்டத்தட்ட ஒரு ஆளோட எடை: எழுபது எண்பது கிலோ. அந்த விசை நெக்கோட நடு அச்சுல இல்லாம அதுக்கு மேல இழுக்குது. எக்சென்ட்ரிக் லோடு, அதனால பெண்டிங் மொமென்ட், அதனால நெக் வில்லு மாதிரி முன்பக்கம் வளையுது. ட்ரஸ் ராட் அதுக்கு எதிர் மொமென்ட் கொடுக்குற இரும்புக் கம்பி. சிவில் ஆளுங்க ப்ரீஸ்ட்ரெஸ்ட் கான்கிரீட் பீமை நினைச்சுக்கோங்க. டெண்டனை இறுக்கினா பீம் எதிர்ப்பக்கம் எழும்புற அதே கதை. செகண்ட் இயர்ல எதுக்குடா இதெல்லாம்னு தூங்கின கிளாஸ் இங்க உதவுது.

அப்போ நெக்கை அடிமட்டம் மாதிரி நேராக்கிட வேண்டியதுதானே? வேண்டாம். மீட்டின கம்பி நடுவுல அகலமாவும் ரெண்டு முனையில குறுகலாவும் ஆடும். பேஸ்ல அந்த ஆட்டம் கண்ணுக்கே தெரியும். ஓபன் இ கம்பி நொடிக்கு 41 தடவை ஆடுது. அந்த ஆட்டத்துக்கு இடம் விட நெக்ல ஒரு சின்னக் குழிவு வேணும். அதுக்குப் பேர் ரிலீஃப். அளவு சுமார் 0.3 மி.மீ.

அளக்குறது ரொம்ப சுலபம். முதல்ல வழக்கமான ட்யூனிங்ல வைங்க. தளர்ந்த கம்பியோட அளந்தா வர்ற எந்த நம்பரும் பொய். பேஸை மெத்தையில படுக்கப் போடாம, வாசிக்கிற மாதிரி மடியில பிடிங்க. இடது கையால இ கம்பியை முதல் ஃப்ரெட்ல அமுக்குங்க, வலது கையால நெக் உடம்போட சேர்ற இடத்துல அமுக்குங்க. இப்போ கம்பியே ஒரு ஸ்கேல் ஆயிடுச்சு. 8-வது ஃப்ரெட் தலைக்கும் கம்பிக்கும் நடுவுல எவ்வளவு இடைவெளின்னு ரூம்மேட்டை ஃபீலர் கேஜ் வச்சுப் பார்க்கச் சொல்லுங்க. பைக் மெக்கானிக் டாப்பெட் கேப் பார்ப்பாரே, அதே ஃபீலர் கேஜ்தான். மெக்கானிக்கல் லேப்ல கேட்டா கிடைக்கும். இல்லேன்னா கொஞ்சம் கெட்டியான விசிட்டிங் கார்டு தோராயமா 0.3 மி.மீ. இருக்கும். கார்டு கம்பியைத் தூக்காம, உரசியும் உரசாம நுழைஞ்சா போதும். ஒரு ஏ.டி.எம். கார்டே தாராளமா நுழைஞ்சா குழிவு அதிகம், ஏன்னா அந்தக் கார்டு 0.76 மி.மீ. கம்பி ஃப்ரெட்டையே தொட்டுட்டு இருந்தா நெக் நேராவோ பின்பக்கம் வளைஞ்சோ இருக்கு.

குழிவு அதிகம்னா ட்ரஸ் ராட் நட்டை நேரா பார்த்தபடி வலப்பக்கம் திருகணும். குறைவுன்னா இடப்பக்கம். ஒரு தடவைக்கு கால் சுற்று, அதுக்கு மேல வேண்டாம். இறுக்குறதுக்கு முன்னாடி கம்பிகளைக் கொஞ்சம் தளர்த்திக்கோங்க, அப்புறம் மறுபடி ட்யூன் பண்ணி அளந்து பாருங்க. பெட்டியோட வந்த ஆலன் கீயைத் தூக்கிப் போட்றாதீங்க. சில பேஸ் இன்ச் அளவு கீ கேட்கும், சிலது மி.மீ. கிட்டத்தட்ட பொருந்துதேன்னு வேற கீயைப் போட்டுத் திருகினா நட்டோட மூலை மழுங்கிடும். அதுக்கப்புறம் அது ஆயிரம் ரூபாய் வேலை இல்லை, நெக்கையே மாத்துற வேலையாகக் கூட ஆகலாம். நட் அசைய மறுத்தாலும் பலத்தைக் காட்டாதீங்க, ரிப்பேர் தெரிஞ்சவர்கிட்ட கொண்டு போங்க. சரியா திருகினாலும் மரம் உடனே முழுசா அடங்காது. ஒரு ராத்திரி விட்டுட்டு மறுநாள் அளந்தா நம்பர் கொஞ்சம் மாறியிருக்கும்.

ரிலீஃப் முடிஞ்சதும் பிரிட்ஜுக்கு வாங்க. ஒவ்வொரு கம்பிக்கும் ஒரு சேடில், அதுல ரெண்டு சின்னத் திருகு. இங்க கொஞ்சம் கணக்கு இருக்கு. கம்பி நட்ல ஒரே உயரத்துல நிக்குது, சேடில் பக்கம் மட்டும் இறங்குது. ஒத்த முக்கோணம், பத்தாங்கிளாஸ் பாடம். 17-வது ஃப்ரெட் நட்டிலிருந்து ஸ்கேல் நீளத்துல சுமார் 62 சதவீத தூரத்துல இருக்கு. அதனால சேடிலை 1 மி.மீ. இறக்கினா அங்க 0.62 மி.மீ.தான் குறையும். ஜூனியரோட பேஸ்ல ரிலீஃப் சரிபண்ணின பிறகும் 3.6 மி.மீ. நின்னுச்சு. குறைய வேண்டியது 1.2, அப்போ சேடில் இறங்க வேண்டியது 1.9 மி.மீ. திருகு எம்3 சைஸ்னா ஒரு சுற்றுக்கு 0.5 மி.மீ., கிட்டத்தட்ட நாலு சுற்று. கணக்குப் போடாம அரைச் சுற்று திருகிப் பார்த்து, ஒண்ணும் மாறலையேன்னு விட்டவங்க நிறைய.

அளக்கிறதுக்கு ஸ்டீல் ஸ்கேல் இருந்தா நல்லது. இல்லேன்னா மூணு ஏ.டி.எம். கார்டை அடுக்கினா 2.3 மி.மீ. கம்பியை எங்கேயும் அமுக்காம, 17-வது ஃப்ரெட் தலைமேல வச்சு இ கம்பிக்கு அடியில விட்டுப் பாருங்க. மூணு நுழைஞ்சு நாலாவது நுழையலேன்னா சரியான இடம். மத்த கம்பிகளைப் படிப்படியா இறக்கிட்டு வந்து ஜி கம்பியை 2 மி.மீ. கிட்ட நிறுத்துங்க. ரெண்டு திருகும் சமமா இறங்கணும், சேடில் சாய்ஞ்சு நிக்கக் கூடாது.

இறக்க இறக்க ஒரு கட்டத்துல கர்ருனு உரசல் சத்தம் வரும். பயப்படாதீங்க, எங்க உரசுதுன்னு கேளுங்க. முதல் அஞ்சு ஃப்ரெட்டுக்குள்ள மட்டும்னா ரிலீஃப் குறைவு. 12-க்கு மேலன்னா சேடில் ரொம்ப இறங்கிடுச்சு. ஓபன் கம்பியில மட்டும்னா நட்டோட பள்ளம் ஆழமா இருக்கு. ஒரே ஒரு ஃப்ரெட்ல மட்டும்னா அதுக்கு அடுத்த ஃப்ரெட் தூக்கி நிக்குது. கடைசி ரெண்டும் அரம் பிடிச்சுச் செய்ற வேலை, ஹாஸ்டல் ரூம் வேலை இல்லை. இன்னொண்ணு: ஆம்ப்ல போட்டுக் கேளுங்க. காதுக்குக் கேட்குற லேசான உரசல் பிக்கப் வழியா வராமலே போகலாம், அப்படின்னா அதை விட்டுடலாம். ஓங்கி அடிச்சு வாசிக்கிறவங்களுக்கு 2.4 பத்தாது, 2.8 வச்சாலும் தப்பில்லை. ஃபேக்டரி நம்பர் வெறும் ஆரம்பப் புள்ளி.

சேடிலை முழுசா இறக்கியும் கம்பி உயரமாவே இருந்தா, நெக் உடம்புல உட்காருற கோணம் தப்பு. நெக்கைக் கழட்டி, அந்தக் குழியில பிரிட்ஜ் பக்கமா மெல்லிய தகடு வைப்பாங்க. முதல் பேஸ்ல நீங்களே முயற்சி பண்ண வேண்டாம்.

கடைசியா இன்டொனேஷன். கம்பியை அமுக்கும்போது அது கொஞ்சம் நீளுது, இழுவிசை ஏறுது, ஸ்ருதியும் ஏறுது. உயரமா இருந்த கம்பியில இது இன்னும் மோசம். ஜூனியர் எவ்வளவு ட்யூன் பண்ணினாலும் மேல் ஃப்ரெட்ல கீபோர்டோட ஒட்டாம போனதுக்குக் காரணமும் அதுவே. 12-வது ஃப்ரெட்டுக்கு நேர் மேல கம்பியை லேசா தொட்டு ஹார்மோனிக் எடுங்க, ட்யூனர் ஆப்ல பாருங்க. அப்புறம் அதே ஃப்ரெட்டை அமுக்கி வாசிங்க. அமுக்கின ஸ்வரம் ஏறி இருந்தா சேடிலைப் பின்னால தள்ளி நீளத்தைக் கூட்டுங்க, இறங்கி இருந்தா நெக் பக்கம் கொண்டு வாங்க. ஒவ்வொரு தடவையும் ஓபன் கம்பியை மறுபடி ட்யூன் பண்ணிட்டுத்தான் அடுத்த சோதனை. நாலும் முடிஞ்சதும் சேடில்கள் ஒரே கோட்டுல நிக்காது, பெரும்பாலும் இ கம்பியோடது கொஞ்சம் பின்தங்கி நிக்கும். அழகா இல்லையேன்னு வரிசைப்படுத்திடாதீங்க. துருப்பிடிச்ச பழைய கம்பியில இந்த வேலையே வீண், புதுக் கம்பி போட்டுட்டுச் செய்யுங்க.

எல்லாம் சேர்ந்து முதல் தடவை ஒரு சாயங்காலம் ஆகும். ஐப்பசி மழை பிடிச்ச பிறகு ஒரு தடவை, ஏப்ரல் வெயில்ல ஒரு தடவை ரிலீஃபை மட்டும் திரும்ப அளந்து பாருங்க. கம்பியோட தடிமனை மாத்தினாலும் அளக்கணும். மாறலேன்னா ஆலன் கீயைத் தொடவே வேண்டாம்.