கூட்டத்துக்கு அவர்களையும் கூப்பிடுங்கள்! ஆட்டிசமும் நெல்லைச் சீமையும்

தமிழ்நாட்டு அரசுப் படிவங்களில் ஆட்டிசத்துக்கு ஒரு தமிழ்ப் பெயர் உண்டு: ‘புற உலகச் சிந்தனையற்றோர்’. படித்ததும் என்ன தோன்றுகிறது? வெளி உலகத்தைப் பற்றிய நினைப்பே இல்லாதவர்கள் என்றுதானே?

ஆட்டிசம் உள்ள பலருக்கு நிலைமை நேர் எதிரானது. வெளி உலகம் அவர்களுக்குள் அளவுக்கு மீறி நுழைகிறது. வண்ணாரப்பேட்டையில் பஸ் அடிக்கும் ஏர் ஹாரன், ஆஸ்பத்திரியில் விட்டு விட்டு எரியும் டியூப்லைட், நெல்லையப்பர் கோயில் ஆனித் தேரோட்டத்தில் தோளை உரசிப்போகும் கூட்டம்... மற்றவர்கள் அடுத்த நொடியே மறந்துவிடும் இவை, அவர்களில் பலருக்கு வலியாகவே இருக்கும். காதைப் பொத்திக்கொண்டு ஓடும் பிள்ளை, உலகத்தை மறந்து ஓடவில்லை. அது தாங்க முடியாமல் ஓடுகிறது.

அவர்களையே கேட்டால் இந்தப் பெயரைச் சொல்வார்களா?

இந்தக் கேள்வி பெயரோடு முடிவதில்லை. பயிற்சி மையம் எந்த ஊரில் வரவேண்டும், எத்தனை மணிக்குத் திறக்க வேண்டும், 18 வயதுக்குப் பிறகு அவர்கள் எங்கே போவார்கள், பெற்றோர் காலத்துக்குப் பின் யார் பார்த்துக்கொள்வார்கள்? இதையெல்லாம் யாரைக் கேட்டு முடிவு செய்கிறோம்?

கேட்காமல் செய்தால் என்ன ஆகும்?

ஓர் உதாரணம் பார்ப்போம். முக்கூடலில் வீட்டில் இருந்து பீடி சுற்றும் ஓர் அம்மா. ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று கூலி. ஆறு வயது மகனுக்கு ஆட்டிசம். வாரம் மூன்று நாள், காலை 11 மணிக்குப் பாளையங்கோட்டையில் பயிற்சி என்று சீட்டில் எழுதிக் கொடுக்கிறார்கள். பயிற்சி முக்கால் மணி நேரம்தான். ஆனால் போக, வர, காத்திருக்க என்று அன்றைய பொழுதே போய்விடும், கூலியும் போய்விடும். கூட்டமான பஸ்ஸில் கத்திக் களைத்த பையன், பயிற்சி அறைக்குள் போகும்போது எதையும் கற்றுக்கொள்ளும் நிலையில் இருக்க மாட்டான்.

இரண்டு மாதத்தில் அவர் வருவதை நிறுத்திவிடுவார். பதிவேட்டில் என்ன ஏறும்? ‘பெற்றோர் ஒத்துழைப்பு இல்லை.’

முன்கூட்டியே அவரைக் கேட்டிருந்தால் விஷயம் எளிது. ‘வாரம் ஒரு நாள் எங்க ஊருக்கு வாங்க. மத்த நாள்ல என்ன செய்யணும்னு எனக்குச் சொல்லிக்கொடுங்க’ என்றிருப்பார். பையனிடமும் கேட்க வழி உண்டு. எந்த அறைக்குள் தயங்காமல் போகிறான், எதைக் கண்டால் பின்வாங்குகிறான் என்று கவனிப்பதும் ஒருவகையில் கேட்பதுதான்.

ஆய்க்குடி காட்டிய வழி

கேட்டுச் செய்தால் என்ன நடக்கும் என்று பார்க்க வெகுதூரம் போக வேண்டாம். தென்காசி பக்கம் ஆய்க்குடி இருக்கிறது. 2019 நவம்பரில் தென்காசி தனி மாவட்டம் ஆகும்வரை நெல்லை மாவட்டத்து ஊர்தான்.

கோவையில் பொறியியல் படித்துக்கொண்டிருந்த எஸ்.ராமகிருஷ்ணன், 1975-ல் கடற்படை அதிகாரி தேர்வுக்கான உடல்திறன் சோதனையில் கீழே விழுந்தார். கழுத்துக்குக் கீழே உடல் செயலிழந்தது. ஊருக்குத் திரும்பியவர், ஐ.நா. சபை மாற்றுத்திறனாளிகளுக்கான சர்வதேச ஆண்டாக அறிவித்த 1981-ல் அமர் சேவா சங்கத்தைத் தொடங்கினார். தனக்குச் சிகிச்சை அளித்த ராணுவ மருத்துவர் அமர்ஜித் சிங் சாஹலின் பெயரைத்தான் சங்கத்துக்கு வைத்தார். பிறகு, தசைச்சிதைவு நோயால் பாதிக்கப்பட்ட ஆடிட்டர் எஸ்.சங்கரராமன் அவருடன் சேர்ந்தார். ராமகிருஷ்ணனுக்கு 2020-ல் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது.

சக்கர நாற்காலியில் இருப்பவர்களே முடிவெடுக்கும் இடத்திலும் இருந்தார்கள். அப்படிப்பட்ட இடத்தில் சாய்வுதளம் கட்ட மறந்துபோகாது.

அதே சங்கம், வளர்ச்சித் தாமதம் உள்ள குழந்தைகளுக்கான ஆரம்பநிலைப் பயிற்சியை வீட்டு வாசலுக்கே கொண்டு போனது. ஆட்டிசம் உள்ள குழந்தைகளும் இதில் உண்டு. பயிற்சி பெற்ற களப்பணியாளர்கள் வீடு தேடிப் போகிறார்கள். குழந்தையின் முன்னேற்றத்தை ‘எனேபிளிங் இன்க்ளூஷன்’ என்ற செயலியில் பதிவு செய்கிறார்கள். தொலைவில் இருக்கும் நிபுணர்கள் அதைப் பார்த்து அடுத்து என்ன செய்யலாம் என்று வழிகாட்டுகிறார்கள்.

குடும்பத்தை நடுவில் வைத்த திட்டம் இது. எதை முதலில் கற்றுக்கொடுக்கலாம் என்று பெற்றோரோடு பேசி முடிவு செய்கிறார்கள். குழந்தையின் வளர்ச்சியோடு, பராமரிப்பவரின் சுமை எவ்வளவு குறைந்தது என்பதையும் அளந்து பார்க்கிறார்கள். பீடி சுற்றும் அம்மாவுக்கு வேண்டியதும் இதுதானே?

பெற்றோர் வாங்கித்தந்த சட்டம்

நாட்டு அளவிலும் இந்தத் துறையை அசைத்தவர்கள் பெற்றோரே. சென்னையில் 1985-ல் ‘ஸ்பாஸ்டிக்ஸ் சொசைட்டி’யைத் தொடங்கிய பூனம் நடராஜன், மூளை முடக்குவாதம் உள்ள மகனின் தாய். இன்று ‘வித்யாசாகர்’ என்று அழைக்கப்படுவது அதுதான். பின்னாளில் அவர் மத்திய அரசின் தேசிய அறக்கட்டளைக்குத் தலைவரானார்.

பெற்றோர் அமைப்புகள் விடாமல் கேட்டதன் பலனாக 1999-ல் வந்ததுதான் அந்தத் தேசிய அறக்கட்டளைச் சட்டம். ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுத்திறன் குறைபாடு, பல்வகைக் குறைபாடு ஆகிய நான்குக்குமானது. 18 வயது தாண்டியவர்களுக்குச் சட்டப்பூர்வப் பாதுகாவலரை நியமிக்க மாவட்டந்தோறும் உள்ளூர்க் குழு வேண்டும் என்றது. குழுவில் மாவட்ட ஆட்சியர் நிலையில் ஓர் அதிகாரி, பதிவுபெற்ற அமைப்பின் பிரதிநிதி ஒருவர், மாற்றுத்திறனாளி ஒருவர் இருக்க வேண்டும்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. அந்த ‘மாற்றுத்திறனாளி’ யார் என்பதற்கு 1995-ம் ஆண்டுச் சட்டத்தைப் பார்க்கச் சொன்னார்கள். அதில் இருந்தவை ஏழு வகைக் குறைபாடுகள், ஆட்டிசம் இல்லை. ஆட்டிசம் உள்ளவரின் பாதுகாவலரை முடிவு செய்யும் குழுவில், ஆட்டிசத்தை மட்டும் காரணமாகக் காட்டி ஒருவர் அந்த இடத்தைக் கேட்க முடியாது என்ற நிலை!

2016-ம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம்தான் அதைச் சரிசெய்தது. 21 வகைக் குறைபாடுகளில் ஆட்டிசமும் ஒன்றாகச் சேர்ந்தது. அதற்கு முன்பே, 2007-ல் இந்தியா ஏற்றுக்கொண்ட ஐ.நா. உடன்படிக்கை ஒரு கடமையைச் சொல்லியிருந்தது. மாற்றுத்திறனாளிகளைப் பாதிக்கும் எந்த முடிவையும் அவர்களைக் கலந்தே எடுக்க வேண்டும். குழந்தைகளையும் விட்டுவிடக் கூடாது.

ஒரு நாற்காலி போதாது

‘அதான் பெற்றோரைக் கேட்கிறோமே, அது போதாதா?’ என்று தோன்றலாம்.

பெற்றோர் குரல் கட்டாயம் வேண்டும். இரவு முழுக்கத் தூங்காத பிள்ளையோடு விழித்திருப்பவர்கள் அவர்கள். ‘எனக்குப் பிறகு இவனுக்கு யார்?’ என்ற கேள்வியோடு தினமும் படுக்கப்போகிறவர்களும் அவர்களே. ஆனால் பெற்றோர் கேட்பதும் பிள்ளை கேட்பதும் எப்போதும் ஒன்றாக இருப்பதில்லை.

‘கண்ணைப் பார்த்துப் பேசப் பழக்குங்கள்’ என்று அப்பா கேட்கலாம். கண்ணைப் பார்த்தால் காதில் எதுவும் ஏறாது என்பதை மகனால்தான் சொல்ல முடியும். ‘கையை ஆட்டுவதை நிறுத்துங்கள்’ என்று அம்மா கேட்கலாம். கையை ஆட்டினால்தான் மனது அமைதியாகிறது என்பது மகளுக்குத்தான் தெரியும்.

1993-ல் கனடாவின் டொரன்டோவில் நடந்த ஆட்டிசம் மாநாட்டில் ஜிம் சின்க்ளேர் இதைப் பெற்றோரின் முகத்துக்கு நேராகவே பேசினார். அவரும் ஆட்டிசம் உள்ளவர். எதிர்பார்த்த பிள்ளை பிறக்கவில்லை என்று துக்கப்படுவதை விட்டு, பிறந்திருக்கும் பிள்ளையைப் பாருங்கள் என்பதுதான் அவர் பேச்சின் சாரம். ஆட்டிசம் உள்ளவர்கள் தங்களுக்காகத் தாங்களே பேசிய வரலாற்றில் அது ஒரு திருப்பம்.

சரி, பேச்சே வராதவர்கள்? அவர்களுக்கும் வழி இருக்கிறது. படத்தைத் தொட்டால் வார்த்தையாகப் பேசும் ‘ஆவாஸ்’ செயலி சென்னையில் உருவானது. அதை உருவாக்கிய அஜித் நாராயணன், வித்யாசாகர் பிள்ளைகளோடு பழகி, அவர்கள் பயன்படுத்துவதைப் பார்த்துப் பார்த்துத்தான் செதுக்கினார். அமெரிக்காவில், மிகக் குறைவாகப் பேசி, பெரும்பாலும் தட்டச்சு செய்தே கருத்துச் சொல்லும் இந்திய வம்சாவளி இளைஞர் ஹரி ஸ்ரீனிவாசன், 2021-ல் அந்நாட்டு அரசின் ஆட்டிசம் ஒருங்கிணைப்புக் குழுவில் உறுப்பினராக நியமிக்கப்பட்டார். ஆட்டிசம் உள்ளவர்களுக்கும் பெற்றோருக்கும் அந்தக் குழுவில் தனித்தனி இடங்கள் உண்டு.

ஆக, பெற்றோருக்கு ஒரு நாற்காலி, ஆட்டிசம் உள்ளவருக்கு ஒரு நாற்காலி. இரண்டும் வேண்டும்.

உள்ளாட்சியில் திறந்த கதவு

2025 ஏப்ரலில் தமிழ்நாடு சட்டமன்றத்தில் முதல்வர் மு.க.ஸ்டாலின் இரண்டு திருத்த மசோதாக்களைக் கொண்டுவந்தார். உள்ளாட்சி அமைப்புகளில் மாற்றுத்திறனாளிகளை நியமன உறுப்பினர்களாக்குவதுதான் நோக்கம். நகர்ப்புற உள்ளாட்சிகளில் சுமார் 650 பேர், கிராம ஊராட்சிகளில் 12,913 பேர், ஊராட்சி ஒன்றியங்களில் 388 பேர், மாவட்ட ஊராட்சிகளில் 37 பேர் என்று அப்போது கணக்குச் சொல்லப்பட்டது. மசோதாக்கள் சட்டமாகி, அந்த ஜூலையில் விண்ணப்பங்களும் வாங்கப்பட்டன.

இது பெரிய கதவு. ஆனால் எல்லோரும் ஒரே நேரத்தில் பேசும் அறை, கரகரக்கும் மைக், சட்டென்று கேட்டுச் சட்டென்று பதில் எதிர்பார்க்கும் கேள்விகள் இருந்தால், ஆட்டிசம் உள்ளவர் அந்தக் கதவைத் தாண்டுவது கஷ்டம். நடக்க முடியாதவருக்குச் சாய்வுதளம் போட நாம் பழகிவிட்டோம். ஆட்டிசம் உள்ளவருக்கான சாய்வுதளம், கூட்டம் நடத்தும் முறையில் இருக்கிறது.

அதற்குச் செலவும் அதிகம் இல்லை:

• என்ன பேசப்போகிறோம் என்பதை ஒரு வாரம் முன்பே எளிய தமிழில், முடிந்தால் படங்களோடு அனுப்புங்கள்.

• கூட்டம் நடக்கும் அறையின் போட்டோவை முன்கூட்டியே வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள். புது இடம் என்ற பதற்றம் பாதி குறையும்.

• ‘உங்களுக்கு என்ன வேண்டும்?’ என்று பொத்தாம்பொதுவாகக் கேட்காதீர்கள். ‘பயிற்சி காலையிலா, மாலையிலா?’ என்று தெளிவாகக் கேளுங்கள்.

• எழுதியோ, தட்டச்சு செய்தோ, படத்தைக் காட்டியோ பதில் சொல்லலாம். நாளைக்கும் சொல்லலாம் என்று சொல்லிவிடுங்கள்.

• அமைதியான அறை ஒன்று பக்கத்தில் இருக்கட்டும். இடையில் எழுந்து போனால் அவமதிப்பாக நினைக்காதீர்கள்.

• உடன் வரும் அம்மாவுக்கோ அண்ணனுக்கோ பஸ் கட்டணமும் அன்றைய கூலியும் கொடுங்கள். கூலியை இழந்து வந்து கருத்துச் சொல்ல எத்தனை பேரால் முடியும்?

• அடுத்த கூட்டத்தில், அவர்கள் சொன்னதில் எதைச் செய்தோம், எதைச் செய்யவில்லை, ஏன் என்று சொல்லுங்கள். இதைச் செய்யாவிட்டால் மற்ற எல்லாம் வெறும் போட்டோவுக்குத்தான்.

நீங்கள் என்ன செய்யலாம்?

வீட்டில் ஆட்டிசம் உள்ள ஒருவர் இருந்தால், முதலில் அவருக்கு யு.டி.ஐ.டி. எனப்படும் தனித்துவ அடையாள அட்டை வாங்குங்கள். மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் வழிகாட்டுவார்கள். தேசிய அறக்கட்டளையின் உள்ளூர்க் குழு உங்கள் மாவட்டத்தில் கடைசியாக எப்போது கூடியது, அதில் மாற்றுத்திறனாளி உறுப்பினர் யார் என்பதையும் அங்கே கேளுங்கள். அந்தக் குழு பொதுவாக மூன்று மாதத்துக்கு ஒருமுறை கூட வேண்டும்.

18 வயது நெருங்குகிறது என்றால் தள்ளிப்போடாதீர்கள். அரசின் ஆரம்பநிலை இடையீட்டு மையங்கள் 18 வயது வரைதான். அதற்குப் பிறகு பகல்நேரப் பராமரிப்பா, வேலைப் பயிற்சியா, தங்குமிடமா? உங்கள் ஊருக்கு எது முதலில் தேவை என்று நான்கு குடும்பங்கள் கூடிப் பேசி எழுதிக் கொடுத்தால், தனி ஒருவர் கொடுக்கும் மனுவைவிட அதற்கு வலு அதிகம். அந்த நான்கு வீட்டுப் பிள்ளைகளின் விருப்பத்தையும் அதே தாளில் தனியாக எழுதுங்கள்.

வீட்டில் யாருக்கும் ஆட்டிசம் இல்லையா? அப்படியானாலும் உங்களுக்கும் வேலை உண்டு. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று ஆண்டுக்கு ஆறு கிராம சபைகள் கூடுகின்றன. பாபநாசம் முதல் ஸ்ரீவைகுண்டம் வரை ஆற்றங்கரை ஊர்கள் எல்லாவற்றிலும் ரோடு, தண்ணீர், தெருவிளக்கு பற்றிப் பேச்சு வரும். அடுத்த முறை யாராவது ஒருவர் எழுந்து, ‘நம்ம ஊர்ல ஆட்டிசம் உள்ளவங்க எத்தனை பேர்? அவங்ககிட்ட யாராவது கேட்டாச்சா?’ என்று கேட்கட்டும்.