ஊதினால் பத்தடி, உறிஞ்சினால் நாலங்குலம்

தோல் துருத்தியில் தொடங்கிக் கொல்லுப்பட்டறையின் மின் ப்ளோயர் வரைக்கும், காற்றை ஊதும் பட்டறைக் கருவிகளின் கதையை இந்தத் தொடரில் போன வாரம் பார்த்தோம். இந்த வாரம் பழைய டிரம் வாக்குவம் கிளீனரின் வடிகட்டித் துணியைப் பிரித்துப் பார்ப்பதாகச் சொல்லியிருந்தேன். அதற்குள் ஒரு கணக்கு கையில் சிக்கியது. அதைச் சொல்லாமல் துணிப்பக்கம் போக மனம் வரவில்லை. ஒரு குழாயின் வழியே காற்றை ஊதினால், குழாய் வாயின் விட்டத்தைப் போல முப்பது மடங்கு தூரத்திலும் அந்தக் காற்றின் வேகத்தில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு மிஞ்சியிருக்கும். அதே குழாயை விசிறியின் மறுபக்கத்தில் மாட்டிக் காற்றை உறிஞ்சினாலோ, ஒரே ஒரு விட்டத்து தூரத்திலேயே வேகம் பத்தில் ஒன்றாகச் சுருங்கிவிடும். நாலங்குலக் குழாய் என்றால் ஊதும்போது பத்தடி எட்டும், உறிஞ்சும்போது நாலங்குலம்தான். ஊதிய காற்று ஒரே திசையில் பாய்கிறது. உறிஞ்சும் வாய்க்குக் காற்று எல்லாப் பக்கத்திலிருந்தும், குழாயின் முதுகுப் பக்கத்திலிருந்தும்கூட வந்து சேர்கிறது. அதனால் எந்தப் பக்கத்திலும் அதற்கு வலு இல்லை. அகல் விளக்கை ஊதி அணைக்கலாம், உறிஞ்சி அணைக்க முடியாது என்பதற்கும் இதுவே காரணம்.

நம் பட்டறைகளின் வரலாற்றையே இந்தக் கணக்கு விளக்கிவிடுகிறது. ஊதுவதில் நாம் பழம்பெரும் கைகாரர்கள். ஏழு ஊருக்குப் பொதுவாக ஒரே ஊரில் இருந்த கொல்லனின் மிதிதுருத்தியைக் காதலில் தவிக்கும் நெஞ்சுக்கு உவமையாக்கிய பாட்டு குறுந்தொகையில் இருக்கிறது. கடலூர் மாவட்டத்துப் பரங்கிப்பேட்டையில் 1830-களில் ஜோசையா மார்ஷல் ஹீத் இரும்பாலை நடத்தினார்; சேலத்துத் தாதுவைக் கரி போட்டு உருக்கிய அந்த உலைகளும் ஊதிய காற்றால்தான் எரிந்தன. உறிஞ்சும் இயந்திரமோ நேற்று வந்தது. 1901-ல் லண்டனின் எம்பயர் மியூசிக் ஹாலில் ரயில் பெட்டிகளைச் சுத்தம் செய்ய ஒரு கருவியைக் காட்டினார்கள். அது காற்றை ஊதித் தூசியைக் கிளப்பியது. கிளம்பியதில் பாதி திரும்ப வந்து படிந்தது. பார்த்துக்கொண்டிருந்த பொறியாளர் ஹ்யூபர்ட் சிசில் பூத், ஊதுவதற்குப் பதில் உறிஞ்சினால் என்ன என்று கேட்டார். அது நடக்காது என்று பதில் வந்தது. பிறகு விக்டோரியா தெருவில் ஓர் உணவகத்து நாற்காலியின் மெத்தைமேல் கைக்குட்டையை விரித்து, அதில் வாய் வைத்து உறிஞ்சிப் பார்த்தார். மூச்சுத் திணறியது, கைக்குட்டையில் அழுக்கு ஒட்டியிருந்தது. அந்த வருடமே காப்புரிமை வாங்கினார். குதிரை இழுத்து வந்த அவருடைய இயந்திரம் தெருவில் நிற்க, நீண்ட குழாய்கள் ஜன்னல் வழியே வீட்டுக்குள் போயின. 1902-ல் ஏழாம் எட்வர்ட் முடிசூட்டு விழாவுக்காக வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயத்தின் கம்பளங்களை அது சுத்தம் செய்தது. இந்தக் கதையில் நான் அடிக்கோடிடுவது ஒன்றைத்தான்: பூத் வாயைத் துணிமேல் வைத்தே உறிஞ்சினார். ஒரு சாண் தள்ளி உட்கார்ந்து உறிஞ்சியிருந்தால் கைக்குட்டை வெள்ளையாகவே இருந்திருக்கும்.

இதிலிருந்து நான் வந்து சேரும் முடிவு: பட்டறையில் தூசி உறிஞ்சும் டிரம்மை மாலையில் தரை பெருக்கும் கருவியாக வைத்திருப்பது அதை வீணடிப்பது. அதன் குழாய் வாய் இருக்க வேண்டிய இடம் ரம்பத்தின் பல்லுக்கும் எமரிச் சக்கரத்துக்கும் பக்கத்தில், தூசி பிறக்கும் இடத்தில். சட்டமும் இதையே சொன்னது. 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 14-ஆம் பிரிவு, தூசியை வெளியேற்றும் கருவி தூசி பிறக்கும் இடத்துக்கு இயன்றவரை அருகில் பொருத்தப்பட வேண்டும், அந்த இடம் இயன்றவரை மூடப்பட வேண்டும் என்றது. ஆனால் அந்தச் சட்டம் பொதுவாக மின்சாரத்தில் இயங்கும் இடமானால் பத்துப் பேர் வேலை செய்தால்தான் பொருந்தியது. 2020-ல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய தொழிற்பாதுகாப்புத் தொகுப்பில் அது இருபதாக உயர்ந்தது. கடலூர் மாவட்டத்து மங்கலம்பேட்டையில் மூன்று பேர் வேலை செய்யும் ஒரு தச்சுப்பட்டறை இரண்டு கணக்கிலும் வராது. அந்த மூன்று பேரின் நுரையீரல் மட்டும் வேறு வகையானதா?

கதவு திறந்திருக்கிறது, மேலே எக்ஸாஸ்ட் விசிறி ஓடுகிறது, போதாதா என்பார்கள். கண்ணுக்குத் தெரியும் மரத்தூளுக்கு அதுவே வேண்டாம். தானே கீழே விழுந்துவிடும். ஆபத்து கண்ணுக்குத் தெரியாத தூளில் இருக்கிறது. ஒரு மைக்ரான் அளவுள்ள குவார்ட்ஸ் துகள், அசையாத காற்றில் ஆளுயரத்திலிருந்து தரைக்கு இறங்க ஐந்தாறு மணி நேரம் ஆகும். பட்டறைக் காற்று ஒரு நொடியும் அசையாமல் இருப்பதில்லை. ஆகவே அது இறங்குவதே இல்லை எனலாம். எட்டடி உயரத்தில் இருக்கும் விசிறி அதை இழுக்கும் முன் அது வேலை செய்பவரின் மூக்கைக் கடந்துதான் போகிறது. சாயங்காலம் கம்ப்ரசர் குழாயால் இயந்திரத்தை ஊதிச் சுத்தம் செய்யும் வழக்கமோ, பூத் பார்த்த பழைய தவறை ஒவ்வொரு நாளும் திரும்பச் செய்வது. இங்கிலாந்தின் ஹை விக்கம் பகுதி நாற்காலித் தொழிலாளர்களிடம் மூக்குப் புற்றுநோய் வழக்கத்துக்கு மீறி இருந்ததை மருத்துவர்கள் 1960-களில் கவனித்தார்கள். 1995-ல் மரத்தூளும், 1997-ல் சிலிக்கா தூசியும் மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குபவை என்று பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை வகைப்படுத்தியது. மங்கலம்பேட்டைக்குத் தெற்கே விருத்தாசலத்தில் பீங்கான் தொழில் இருக்கிறது. சிலிக்காவின் ஒரு வடிவமான குவார்ட்ஸும் ஃபெல்ட்ஸ்பாரும் களிமண்ணும் கலக்கும் தொழில் அது.

தண்ணீர் தெளித்தால் தூசி அடங்காதா என்ற கேள்வியில் நியாயம் இருக்கிறது. கல்லுக்கும் பீங்கானுக்கும் ஈரத்தில் அறுப்பதே முதல் வழி, நான் மறுக்கவில்லை. மரத்துக்கு அது உதவாது, பலகை கெட்டுவிடும். செலவு என்பது அடுத்த தடை. பழைய டிரம் இயந்திரத்தின் அமைப்பே அதற்கு விடை. விசிறிக்கு முன்னால் ஒரு பீப்பாய். குறுகிய குழாயில் வேகமாக வந்த காற்று அகலமான பீப்பாய்க்குள் வேகம் குறைய, சீவலும் ஆணியும் அடியில் விழுந்துவிடுகின்றன, விசிறி இலைகள் தப்புகின்றன. மூடி போட்ட தகர டிரம்மை வைத்து எந்த வெல்டிங் பட்டறையும் இந்தப் பீப்பாயைச் செய்துவிடும். ஓர் எச்சரிக்கை: மரத்தூள் கிடக்கும் டிரம்முக்குள் எமரிப் பொறி போகவே கூடாது, தீப்பிடிக்கும்.

ஆனால் பீப்பாயில் விழுவது கனமான தூள் மட்டுமே. நுரையீரலைத் தொடும் மெல்லிய தூள் விசிறியோடு ஓடி, அதன் பின்வாய் வழியே மறுபடி பட்டறைக்குள் வரப் பார்க்கும். அந்தக் காற்று ஊதும் காற்று என்பதால் பத்தடி தள்ளி நிற்பவரையும் எட்டும். பழைய இயந்திரங்களின் சாதாரணத் துணி அதில் எவ்வளவைத் தடுத்தது, 1940-களில் அமெரிக்க அணுகுண்டுத் திட்டத்துக்காக உருவான வடிகட்டித் தாள் பட்டறைக்கு எப்படி வந்து சேர்ந்தது என்பது அடுத்த வாரத்துக்கு.