படகு எஞ்சின்களும் எண்ணெய்ச் செலவும்

சோழமண்டலக் கரையிலே கட்டுமரங்கள் பாயொன்றையே நம்பிக் கடல் புகுந்த காலம் கழிந்தது. விடியுமுன் கரைக்காற்றிற் சென்று பிற்பகற் கடற்காற்றில் மீண்ட மீனவர், காற்றுக்கு விலை கொடுத்தாரல்லர். எஞ்சின் பூட்டிய படகினர்க்கோ எண்ணெயே பெருஞ்செலவு. மீன் விற்ற பணத்தில் அதனைக் கழித்த பின்னரே பங்கு பிரிப்பர். ஆதலின் எவ்வெஞ்சின் எவ்வளவு எண்ணெய் உண்ணும் என்பது இயந்திர நூலார்க்கு மட்டும் உரிய வினாவன்று.

சிறு படகுகளில் நாம் காண்பன பெரும்பாலும் மூவகைய. முதலாவது, படகின் பின்புறத்தே தொங்கவிடும் டூ ஸ்ட்ரோக் பெட்ரோல் எஞ்சின். இதில் பிஸ்டன் ஒருமுறை ஏறி இறங்குவதற்குள் எல்லாத் தொழிலும் முடிதல் வேண்டும். பழம்புகை வெளியேறும் வாயில் திறந்திருக்கும்போதே புதிய பெட்ரோற் கலவையும் உட்புகுவதால், அக்கலவையிற் கால்பங்கு வரையிலுங்கூட எரியாமலே புகையோடு போய்விடும். காசு கொடுத்து வாங்கியதைக் கடலிற் கொட்டுதல் போல்வதே இது. சலுகை விலை பற்றி இவ்வகை எஞ்சினில் மண்ணெண்ணெய் இட்டு ஓட்டுவாரும் உளர். அதற்கெனக் கலவையின் நெருக்கத்தைக் குறைத்து அமைக்கவேண்டியிருத்தலின் செலவாகும் அளவு இன்னும் மிகும். இரண்டாவதாகிய போர் ஸ்ட்ரோக் எஞ்சினில் புகை போதற்கும் கலவை வருதற்கும் தனித்தனி வீச்சு உண்டு; வீண்போக்கு மிகக் குறைவு.

மூன்றாவது, ருடால்ப் டீசல் என்னும் ஜெர்மானியர் 1897-ஆம் ஆண்டில் ஓட்டிக் காட்டிய எஞ்சின். இது காற்றை மட்டும் உள்ளிழுத்துப் பதினாறில் ஒரு பங்காகவோ அதனினுஞ் சிறிதாகவோ நெருக்கும். அந்நெருக்கத்திற் பிறந்த வெப்பத்திலே தூவப்படும் எண்ணெய் தானே பற்றிக்கொள்ளும். நெருக்கம் மிகுந்தோறும் வெப்பத்திற் பெரும்பகுதி வேலையாக மாறும். பத்துக் குதிரைத்திறனை ஒரு மணி நேரம் பெறுதற்கு டூ ஸ்ட்ரோக் ஏறக்குறைய நாலரை லிட்டரும், போர் ஸ்ட்ரோக் மூன்று லிட்டருக்குச் சற்று மேலும், டீசல் இரண்டு லிட்டருக்குச் சற்று மேலும் கொள்ளும்.

அங்ஙனமாயின் அனைவரும் டீசலையே கொள்ளாதது அறியாமையோ எனின், அன்று. துறைமுகமில்லாக் கரையிலே படகை அலையூடு செலுத்தி மணலில் ஏற்றவேண்டும். டூ ஸ்ட்ரோக் எஞ்சினை நொடியிற் சாய்த்து விசிறியை நீருக்கு மேல் தூக்கலாம்; கரை சேர்ந்தபின் ஒருவரே கழற்றித் தோளிற் சுமந்து வீடு சேர்க்கலாம். டீசலோ கனத்தது, விலையும் மிக்கது. நீண்ட தண்டின் நுனியில் விசிறியை அமைத்துத் தூக்கும் வகை செய்த பின்னரே அஃது இக்கரைக்கு இசைந்ததாயிற்று.

எஞ்சினை மாற்றாமலே செலவைக் குறைக்கவும் வழியுண்டு. நீரைக் கிழித்துச் செல்லும் படகிற்கு வேண்டும் திறன், வேகத்தின் மும்மடிப் பெருக்கமாக ஏறும். வேகத்திற் பத்திலொன்றைக் குறைப்பின், அதே தூரத்திற்கு எண்ணெயில் ஏறக்குறைய ஐந்திலொன்று மிஞ்சும். கணக்கு எளிதே, ஆயினும் ஏலத்திற்கு முந்தி வந்த கூடைக்கே நல்ல விலையென்று அறிந்தவர், கரை கண்ணிற் பட்டபின் எஞ்சினை மெதுவாக ஓட்டுவது எங்ஙனம்?