மிதித்தால் நிற்க வேண்டும்

1966 மாடல் செவ்ரோலே சி10 பிக்கப்பின் நான்கு சக்கரங்களிலும் இருந்தவை 11 அங்குல டிரம் பிரேக்குகள். பெடலுக்கும் அவற்றுக்கும் இடையே ஒரே ஒரு மாஸ்டர் சிலிண்டர்; அதற்குள் ஒரே ஓர் அறை. ஐந்தாண்டு கழித்து, 1971 மாடலில், அதே சி10 முன்சக்கரங்களில் டிஸ்க் பிரேக்கோடு வெளிவந்தது. இன்று அமெரிக்காவில் பழைய சி10 ஒன்றைச் சீர்செய்ய உட்காருகிறவர், கம்பெனி ஐந்தாண்டில் கடந்த அந்தத் தூரத்தைத் தன் வீட்டுக் கொட்டகையில் சில விடுமுறை நாள்களில் கடக்கப் பார்க்கிறார்.

அன்று பிக்கப் உழைக்கிற வண்டி. தீவன மூட்டையும் வேலிக் கம்பங்களும் ஏற்றிக்கொண்டு பண்ணைக்கும் டவுனுக்கும் போய்வரும். பின்னால் பாரம் இருக்கும் என்ற கணக்கிலேயே பின்சக்கர பிரேக்கும் அமைந்தது. சுமைத் தொட்டி காலியாக இருக்கும் நாளில், ஈரச் சாலையில் ஓங்கி மிதித்தால், பின்சக்கரங்கள் முதலில் இறுகிப்போய் வண்டியின் பின்பக்கம் வீசும். இன்று அதே வண்டி பெரும்பாலும் ஞாயிற்றுக்கிழமைக்கானது. தொட்டி எப்போதும் காலி. சாலையில்தான் வேகம் கூடிவிட்டது. டெக்சஸில் 130-ஆம் எண் சுங்கச்சாலையின் ஒரு பகுதியில் மணிக்கு 85 மைல், அதாவது ஏறத்தாழ 137 கிலோமீட்டர் வேகத்தில் சட்டப்படியே போகலாம். முன்னால் போகிற புதிய வண்டி ஏபிஎஸ் துணையோடு சட்டென்று நின்றுவிடும். பின்னால் வரும் அறுபது வயது வண்டியும் நின்றாக வேண்டும்.

டிரம் பிரேக்கைக் குறைத்துச் சொல்வதற்கில்லை. சுழலும் டிரம், உள்ளிருந்து அதை உரசி நிறுத்தும் ஷூவைத் தன்னோடு இழுத்து இன்னும் இறுக்கமாகப் பிடிக்கச் செய்யும் அமைப்பு அது. அதனால் பூஸ்டர் இல்லாமலேயே, கால்பலத்தை மட்டும் நம்பி, பாரவண்டியை நிறுத்த முடிந்தது. அதன் பலவீனம் சூடும் தண்ணீரும். நீண்ட இறக்கத்தில் டிரம் சூடேறி விரியும்போது ஷூவை விட்டு விலகிப் போகிறது. பெடல் கீழே போய்க்கொண்டே இருக்கும். வெள்ளத்தில் இறங்கி ஏறினால் உள்ளே புகுந்த நீர் எளிதில் வெளியேறாது. பெடலை லேசாக மிதித்தபடியே கொஞ்ச தூரம் ஓட்டி உலர்த்த வேண்டும். டிஸ்க் திறந்த வெளியில் சுழல்கிறது. சூடு சீக்கிரம் போகிறது, நீரும் தங்குவதில்லை. சூட்டில் அது விரிந்தாலும் தன்னைக் கவ்வும் பேடை நோக்கியே விரிகிறது. ஆனாலும் சூட்டிலிருந்து முழு விடுதலை எந்த பிரேக்குக்கும் இல்லை. கொலராடோவின் பைக்ஸ் பீக் மலைச்சாலையில் இறங்கி வரும் வண்டிகளைப் பாதி வழியில் நிறுத்தி பிரேக்கின் சூட்டை அளந்து பார்ப்பது இன்றும் வழக்கம்.

அன்றைய பராமரிப்பில் கைவேலை அதிகம். டிரம்முக்குப் பின்னாலுள்ள தகட்டில் ஒரு நீளத் துளை இருக்கும். அதன் வழியே வளைந்த பட்டைக்கம்பியை நுழைத்து, கண்ணுக்குத் தெரியாத பல்சக்கரத்தை ஒவ்வொரு பல்லாகத் தள்ள வேண்டும். சக்கரத்தைக் கையால் சுற்றிக்கொண்டே தள்ளினால் ஒரு கட்டத்தில் ஷூ உரசி இறுகும். அங்கிருந்து சில பற்கள் பின்வாங்கி, லேசான உரசல் மட்டும் காதில் விழும் இடத்தில் நிறுத்த வேண்டும். நான்கு சக்கரங்களிலும் அந்த ஓசை ஒன்றுபோல் இல்லாவிட்டால், மிதிக்கும்போது வண்டி ஒரு பக்கம் இழுக்கும். டிஸ்க்கில் இந்த வேலையே இல்லை. பேட் தேயத் தேய, அதை அழுத்தும் காலிபருக்குள் உள்ள பிஸ்டன் தானே முன்னேறிக்கொள்கிறது.

தேய்ந்த ஷூவை அன்று யாரும் எறியவில்லை. பழைய லைனிங்கைப் பெயர்த்துவிட்டு, புதியதை வைத்து ரிவெட் அடித்தார்கள். டிரம்மை லேத்தில் கடைந்தார்கள். 11 அங்குல டிரம்மில் கடைவதற்கு 0.060 அங்குலம்தான் இடம், அதாவது ஒன்றரை மில்லிமீட்டர். கடைந்த டிரம்மின் வளைவுக்கு ஏற்ப ஷூவின் வளைவையும் அரைத்துத் தர பிரேக் கடைகளில் தனி இயந்திரம் இருந்தது. அப்படிப் பொருத்திய ஷூ முதல் நாளிலிருந்தே முழுப் பரப்பிலும் பிடிக்கும். ஆனால் அரைத்தபோது பறந்தது லைனிங்கில் இருந்த கல்நாரின் தூசு. டிரம்மைக் கழற்றியதும் காற்றடித்துச் சுத்தம் செய்தபோது பறந்ததும் அதுவே. அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 1989-இல் கல்நாருக்கு விதித்த தடையின் பெரும்பகுதியை 1991-இல் நீதிமன்றம் நீக்கியது. வெண்கல்நார் என்ற வகைக்குத் தடை 2024-இல்தான் வந்தது. அதற்கு வெகுகாலம் முன்பே அரைக்கும் இயந்திரங்கள் பெரும்பாலான கடைகளிலிருந்து போய்விட்டன. இன்று ஷூவும் டிரம்மும் புதிதாகவே வாங்கப்படுகின்றன. சற்று நாள் ஓடித் தேய்ந்த பிறகே ஒன்றுக்கொன்று பொருந்துகின்றன. துல்லியம் குறைந்தது, மெக்கானிக்கின் நுரையீரல் தப்பியது.

இன்றைய மாற்றம் ஒரே பெட்டியில் வீடு தேடி வருகிறது: டிஸ்க், காலிபர், பேட், ரப்பர் ஹோஸ், பூஸ்டர், மாஸ்டர் சிலிண்டர், வால்வு. பெட்டி ஒன்றுதான், அதில் ஒன்றைத் தொட்டால் இன்னொன்று இடிக்கும். 1970 வரை சி10 சக்கரத்துக்கு ஆறு போல்ட். டிஸ்க்கோடு வந்த 1971 மாடலில் ஐந்து. பழைய சக்கரங்களை விட மனமில்லாதவர் ஆறு துளை உள்ள டிஸ்க்கைத் தேடி வாங்க வேண்டும். காலிபர் உள்ளே அடங்கப் பெரும்பாலும் 15 அங்குலச் சக்கரமாவது தேவை. டிஸ்க்குக்குத் தன்னை இறுக்கிக்கொள்ளும் குணம் கிடையாது. அழுத்தம் கூடுதலாக வேண்டும், அதற்கே பூஸ்டர். பூஸ்டர் இல்லாத பெடலில் நெம்பு விகிதம் ஏறத்தாழ 6:1. பூஸ்டர் வைத்தால் 4:1 போதும். ஆகவே பெடலில் தள்ளுகம்பி மாட்டும் துளையின் இடமும் மாறுகிறது. பின்சக்கரம் முந்திக்கொண்டு இறுகாதபடி அழுத்தத்தைப் பங்கிட வால்வு வேறு. முன்னால் டிஸ்க் மாட்டிவிட்டு இவற்றை மறந்தவரின் வண்டி, பழைய டிரம்மில் நின்ற அளவுக்குக்கூட ஒழுங்காக நிற்காது.

பிரேக் ஆயில் ஓடும் குழாயிலும் மாற்றம் உண்டு. உப்புத் தூவும் பனிப்பிரதேசச் சாலைகளில் பழைய இரும்புக் குழாய்கள் வெளிப்புறத்தில் துரு ஏறி ஒருநாள் திடீரென்று விட்டுவிடும். இப்போது செம்பும் நிக்கலும் கலந்த குழாய் கிடைக்கிறது. துருப்பிடிக்காது, கையாலேயே வளையும். ஆனால் முனையை விரிக்கும் வேலை அன்றுபோல்தான். நட்டை முதலில் குழாயில் கோத்துவிட வேண்டும். முனையைச் சீராக வெட்டி, பிசிறு நீக்கி, ஒருமுறை உள்நோக்கி மடித்து, மறுமுறை கூம்பாக விரிக்க வேண்டும். இரட்டை மடிப்பு ஒரு பக்கம் சாய்ந்துவிட்டால், எவ்வளவு முடுக்கினாலும் பிரேக் ஆயில் கசியும். வெட்டிவிட்டு மறுபடியும் தொடங்க வேண்டியதுதான்.

பழைய பிரேக்கில் பெடலே எச்சரிக்கை விளக்கு. வழக்கத்தைவிடக் கீழே போனால் ஷூ தேய்ந்திருக்கிறது. மெத்தென்று அமுங்கினால் குழாயில் காற்று. மிதித்துக்கொண்டே இருக்கையில் மெல்ல இறங்கினால் மாஸ்டர் சிலிண்டரின் உள்ரப்பர் போய்விட்டது. ஓட்டுநரின் கால் இவற்றையெல்லாம் படித்துவைத்திருந்தது. பூஸ்டர் வந்தபின் கால் மெல்ல வைத்தாலே வண்டி நிற்கிறது. பெடலின் பேச்சும் அந்த அளவுக்கு மங்கிப்போனது. அந்தப் படிப்பு இனி யாருக்கும் தேவைப்படாமல் போகலாம்.

ஆனால் அந்தப் படிப்பால் ஈடுகட்ட முடியாத ஒன்று இருந்தது. ஒற்றை அறை மாஸ்டர் சிலிண்டரில் எங்கே ஒரு குழாய் வெடித்தாலும் நான்கு சக்கரங்களும் சேர்ந்து பிரேக் இழந்தன. எவ்வளவு அனுபவமுள்ள காலும் அந்த நொடியில் வெறுமையைத்தான் மிதித்தது. மிஞ்சியது பார்க்கிங் பிரேக் மட்டும். முன்னுக்கு ஒன்று, பின்னுக்கு ஒன்று என இரண்டு அறை கொண்ட சிலிண்டர் செவ்ரோலே பிக்கப்புகளுக்கு 1967 மாடலில் வந்தது. கார்களுக்கு அமெரிக்கக் கூட்டரசின் பாதுகாப்பு விதி அதை 1968-இல் கட்டாயமாக்கியது. ஒரு பாதி ஒழுகிப்போனாலும் மறு பாதி வண்டியை நிறுத்தும்; தூரம் கூடலாம், ஆனால் நிற்கும்.

சக்கர இடுக்கில் பளபளக்கும் டிஸ்க்கை எல்லோரும் குனிந்து பார்க்கிறார்கள். பானட்டுக்கு அடியில் இருக்கும் இரட்டை அறைச் சிலிண்டரை யாரும் கேட்பதில்லை. கையில் இருக்கும் பணம் ஒரு வேலைக்குத்தான் போதும் என்றால், நான்கு டிரம்களையும் நல்ல ஷூவோடு அப்படியே விட்டுவிட்டு, அவற்றுக்குப் பொருந்தும் இரட்டை அறைச் சிலிண்டரை முதலில் மாட்டலாம். டிஸ்க் அடுத்த வருஷம் வரட்டும்.