காசிக்குப் போன கன்டெய்னர் கப்பல்: தெரியுமா?

கங்கை என்றதும் முழுக்கும் படித்துறையும்தானே நினைவுக்கு வரும்? அதே காசிக்கு, 2018 நவம்பரில் 16 கன்டெய்னர்களைச் சுமந்து ஒரு கப்பல் வந்து சேர்ந்தது தெரியுமா? கொல்கத்தாவிலிருந்து பெப்சி கம்பெனிச் சரக்கோடு ஆற்றை எதிர்த்து ஏறி வந்த அதன் பெயர் எம்.வி. ரவீந்திரநாத் தாகூர்! சுதந்திர இந்தியாவில் உள்நாட்டு நீர்வழியில் கன்டெய்னர் போனது அதுவே முதல் முறை.

ஒரே ஒரு குதிரைத் திறன் சாலையில் 150 கிலோவை இழுக்கும். தண்டவாளத்தில் 500 கிலோ. தண்ணீரில்? 4,000 கிலோ! வேகத்தை மட்டும் கேட்காதீர்கள்.

அப்படியானால் எல்லாச் சரக்கையும் ஆற்றில் விட்டுவிடலாமே? அங்கேதான் சிக்கல். ஆறு கண்ணுக்கெட்டாத அகலம் இருந்தும் பயனில்லை, ஆழம் வேண்டும். கங்கைத் தடத்தில், மேற்கு வங்கத்தின் ஹல்தியாவிலிருந்து பீகாரின் பாட் வரை 3 மீட்டர், காஜிபூர் வரை 2.5, வாரணாசி வரை 2.2 என்பது இலக்கு. கோடையில் தண்ணீர் இறங்கியதும் மணல் திட்டு தலைகாட்டும். போன வருஷம் கப்பல் போன தடம் இந்த வருஷம் இருக்காது!

மூங்கில் தட்டியை வைத்து ஆற்றையே தூர்வார வைக்கலாம், தெரியுமா? ‘பந்தல்’ கட்டுவது என்கிறார்கள். நீரோட்டத்துக்குச் சாய்வாக மூங்கில்களை ஊன்றி, மேல்பாதியில் மட்டும் தட்டி கட்டுவார்கள். மேல்நீர் தட்டியில் மோதி நடுத்தடத்துக்குத் திரும்பும். மணல் சுமந்த அடிநீர் கீழே நுழைந்து, வேகம் குறைந்து, தட்டிக்குப் பின்னால் மணலைக் கொட்டிவிடும். ஓரம் மேடாக, நடுவே தடம் ஆழமாகும். டீசல் செலவு? ஒரு சொட்டுகூட இல்லை!

கங்கையின் ஃபராக்கா அணைக்கட்டுப் பக்கம் கப்பலுக்கு லிஃப்ட் உண்டு! கப்பல் தொட்டிக்குள் நுழையும், கதவு மூடும், தண்ணீர் ஏறும், கப்பலும் கூடவே ஏறும்.

அனல்மின் நிலையச் சாம்பலுக்கும் கப்பல் பயணம் உண்டு. கொல்கத்தா பக்கமிருந்து வங்கதேசம் போய் அங்கே சிமென்ட் ஆகிறது!

2022-ல் 200 டன் உணவு தானியம் பாட்னாவிலிருந்து குவாஹாட்டிக்குப் போன வழி தெரியுமா? கங்கையில் இறங்கி, வங்கதேசத்துக்குள் புகுந்து, பிரம்மபுத்திராவில் ஏறி, சுமார் 2,350 கிலோமீட்டர், ஒரு மாதம்!

போகும்போது லோடு, வரும்போது காலி என்றால் எந்த லாரிக்காரருக்கும் கட்டுப்படியாகாது. கப்பலுக்கும் அதே கணக்குதான். அதனால்தான் தாகூர் கப்பலின் திரும்பும் பயணத்துக்கு இஃப்கோ நிறுவனத்தின் உரம் ஏற்பாடானது.

2016-ல் வந்த தேசிய நீர்வழிகள் சட்டத்துக்குப் பின் நாட்டில் அத்தகைய வழிகள் மொத்தம் 111! அவற்றில் 2013-14-ல் 1.8 கோடி டன்னாக இருந்த சரக்கு, 2023-24-ல் 13.3 கோடி டன். ஆனால் இதில் கங்கையின் பங்கு சிறியது. மகாராஷ்டிரம், குஜராத் கழிமுகங்களில்தான் பார்ஜ் எனும் சரக்குப் படகுகள் மொய்க்கின்றன.

தமிழ்நாட்டில் நமக்கும் இப்படி ஒரு நீர்வழி உண்டு! ஒரு காலத்தில் சென்னைக்கு உப்பும் விறகும் சுமந்த பக்கிங்காம் கால்வாயின் வடபகுதியும் தென்பகுதியும் 2008-ல் அறிவித்த 4-ஆம் தேசிய நீர்வழியில் சேர்ந்தவை. நடுவே சென்னை நகருக்குள்? கால்வாயிலேயே கால் ஊன்றி நிற்கின்றன பறக்கும் ரயில் தூண்கள்!