இரத்த உறைவைத் தடுக்கும் மருந்தும் வீட்டாரின் பணிவிடையும்

இருதய நோய்க்காகப் பெரிய மருத்துவமனையில் சிகிச்சை பெற்று ஊர் திரும்பியவர்கள் இன்று பல கிராமங்களிலும் உள்ளனர். அவர்களுக்குக் கொடுத்தனுப்பப்படும் மாத்திரைகளுள் இரத்தம் உறைவதைத் தடுப்பவையே மிகுந்த கவனத்தை வேண்டுவன. உட்கொள்ளாது விட்டால் இரத்தம் கட்டியாகி உயிருக்கு ஊறு விளையும். அளவு மிஞ்சினாலோ உள்ளுக்குள் கசிந்து ஊறு விளையும். இவ்விரண்டுக்கும் நடுவே நோயாளியைக் காத்து வருவது பெரிதும் வீட்டாரின் பொறுப்பாகும்.

இம்மருந்துகளுள் ஒன்றான வார்பாரின் தோன்றிய வரலாறு உழவர்கள் அறியத்தக்கது. 1920-களில் வட அமெரிக்காவில், பூசணம் பிடித்த ஒருவகைத் தீவனப் புல்லைத் தின்ற மாடுகள் சிறு காயத்திலும் இரத்தம் நில்லாது மடிந்தன. 1933-இல் விஸ்கான்சின் மாநில உழவர் ஒருவர் உறையாத இரத்தத்தைப் பல்கலைக்கழகத்துக்கு எடுத்துச் சென்றார். அங்கே கார்ல் பால் லிங்க் என்னும் பேராசிரியரும் அவருடன் உழைத்தோரும் அந்நச்சுப் பொருளைப் பிரித்தெடுத்தனர். அதன்வழி வந்த வார்பாரின் 1948-இல் எலிமருந்தாக விற்பனைக்கு வந்து, 1954-இல் மனிதருக்கும் மருந்தாயிற்று.

எலிமருந்து என்று கேட்டு அஞ்சி மாத்திரையை நிறுத்திவிடலாகாது. அளவு சரியாக உள்ளதா என்று காட்டவே ஐ.என்.ஆர். என்னும் இரத்தப் பரிசோதனை உள்ளது. வார்பாரின் உட்கொள்வோர்க்குப் பொதுவாக அது 2 முதல் 3 வரை இருத்தல் வேண்டும். செயற்கை வால்வு பொருத்தியோர் சிலருக்குச் சற்றுக் கூடுதல். கூலி போகிறதென்று பரிசோதனை நாளைத் தள்ளிப்போடுவதே நம் மக்களிடம் காணும் பெருங்குறை.

கீரையை அறவே விலக்க வேண்டியதில்லை. ஆயின் முருங்கைக்கீரையை ஒரு வாரம் நாள்தோறும் உண்டு, மறுவாரம் தொடாதிருந்தால் மருந்தின் வேகம் ஏறியிறங்கும். ஏறக்குறைய ஒரே அளவாக உண்பது நலம். கடையில் தாமாக வாங்கும் வலி மாத்திரையும், மருத்துவர் அறியாத பச்சிலை மருந்தும் ஆபத்தானவை. ஒரு வேளை மறந்தால் மறுநாள் இரட்டிப்பாகக் கொடுக்கலாகாது. கருவுற எண்ணும் பெண்கள் முன்னதாகவே மருத்துவரிடம் கூறவேண்டும். வார்பாரின் கருவுக்குத் தீங்கு செய்யும்.

கதிரறுக்கையில் அரிவாள் பட்டால் சுண்ணாம்போ காப்பித்தூளோ அப்பாமல், தூய துணியால் 10 நிமிடம் கையெடாது அழுத்திப் பிடிக்க வேண்டும். நில்லாவிடில் மருத்துவமனைக்குக் கொண்டு செல்க. மலம் கருத்துப் போதல், சிறுநீர் சிவத்தல், ஈறில் ஓயாத கசிவு, கடுந்தலைவலி ஆகியவற்றைக் கண்டவுடன் செல்ல வேண்டும். மாடு முட்டியோ மரத்திலிருந்து விழுந்தோ தலையில் அடிபட்டால், வெளிக்காயம் இல்லாவிடினும் தாமதம் கூடாது.

உறைந்த கட்டியைக் கரைக்கும் ஸ்ட்ரெப்டோகைனேஸ் போன்ற மருந்துகளின் தன்மை வேறு. மாரடைப்புத் தொடங்கி 12 மணி நேரத்துக்குள் மருத்துவமனையில் செலுத்தப்படுபவை இவை. முதல் இரண்டு மூன்று மணி நேரத்தில்தான் பலன் மிகுதி. நெஞ்சுவலியை வாய்வு என்று எண்ணிச் சோடா குடித்துப் பொழுது போக்குவோர் இந்நேரத்தையே இழக்கின்றனர். 108 வண்டியை அழைக்க வேண்டும். 2023-இல் தொடங்கிய இதயம் காப்போம் திட்டத்தின்படி ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே முதற்கட்ட மாத்திரைகளைக் கொடுத்துப் பெரிய மருத்துவமனைக்கு அனுப்ப வழியுண்டு. வண்டி வரும் சாலையின் குழிகளை அடைப்பதும் இவ்வகையில் வைத்தியமே என்பதைப் பஞ்சாயத்து உறுப்பினர்கள் எண்ணிப் பார்க்கலாம்.

நோயாளிக்கு முன்பு பக்கவாதம், அண்மையில் அறுவை சிகிச்சை, தலைக்காயம், குடற்புண் இரத்தக்கசிவு ஏதேனும் உண்டாயின் உடன் சென்றவர் ஒளிக்காது சொல்லவேண்டும். ஸ்ட்ரெப்டோகைனேஸ் முன்னரே பெற்றவராயின் அதையும் சொல்லவேண்டும். உடலில் எதிர்ப்புப் பொருள் உண்டாகிவிடுவதால் அதை மீண்டும் செலுத்துவதில்லை. மருந்து ஏறிய பின் நோயாளியைப் படுக்கையிலேயே இருத்துவர். பலமுறை ஊசி குத்துவதையும் சவரம் செய்வதையும் செவிலியர் தவிர்ப்பர். ஊசி போடவில்லையே என்று உறவினர் சண்டையிடலாகாது. பேச்சுக் குழறினாலோ, ஊசி குத்திய இடத்தில் இரத்தம் கசிந்தாலோ அக்கணமே செவிலியரை அழைக்க வேண்டும்.

வீடு திரும்பியபின் மருந்தின் பெயர், அளவு, கடைசிப் பரிசோதனை முடிவு ஆகியவற்றை எழுதிய அட்டை ஒன்றை நோயாளி வயலுக்குச் செல்கையிலும் உடன் வைத்திருப்பது நலம். பல் பிடுங்கும் முன்னும், எவ்வித ஊசிக்கு முன்னும் அதைக் காட்ட வேண்டும்.