எபோலாவைத் தடுத்த போலியோ ஊழியர்கள்

2014ஆம் ஆண்டு ஜூலை 20ஆம் தேதி, லைபீரியாவிலிருந்து நைஜீரியாவின் லாகோஸ் நகருக்கு விமானத்தில் வந்திறங்கிய பிரயாணி ஒருவர், விமான நிலையத்திலேயே நோயால் தளர்ந்து, தனியார் ஆஸ்பத்திரி ஒன்றில் சேர்க்கப்பட்டபோது, மலேரியா ஜுரம் என்றே முதலில் எண்ணினார்கள். எபோலா நோயாளி ஒருவரையும் அதற்குமுன் கண்டிராத மூத்த வைத்தியர் ஸ்டெல்லா அடடெவோ, சந்தேகம் கொண்டு, அவரை வெளியே அனுப்பும்படி வந்த வற்புறுத்தல்கள் எதற்கும் இணங்காமல், தனியே வைத்து ரத்தத்தைச் சோதனைக்கு அனுப்பினார். அந்நோயே ஆகஸ்டு 19ஆம் தேதி அந்த வைத்தியர் உயிரையும் கொண்டுபோயிற்று.

ஒரு கோடிக்கு மேற்பட்ட ஜனங்கள் நெருங்கி வாழும் அந்நகரம் பிழைத்ததை அதிருஷ்டம் என்று சொல்லிவிட எனக்குச் சம்மதமில்லை. போலியோவை ஒழிப்பதற்கென்று நைஜீரியா 2012இல் அவசர நடவடிக்கை மையம் ஒன்றை அமைத்து, வீடுவீடாகச் சென்று குழந்தைகளைக் கணக்கெடுத்து மருந்து கொடுக்கும் பழக்கத்தில் ஊழியர்களை நன்றாகத் தேர்ச்சியுறச் செய்திருந்தது. அந்த அனுபவமும் அந்த மனிதர்களுமே லாகோஸுக்குத் திருப்பிவிடப்பட்டனர். நோயாளிகளோடு பழகிய ஏறக்குறைய 900 பேரை அவர்கள் தேடிப் பிடித்து, 21 நாட்கள் கண்காணித்து, 18,000 முறைக்கு மேல் நேரில் சென்று பார்த்தார்கள். நோயுற்றவர் 20 பேர், இறந்தவர் 8 பேர் என்ற அளவில் நோய் நின்றது. அக்டோபர் 20ஆம் தேதி, நைஜீரியாவில் எபோலா இல்லை என்று உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது.

நாற்பது லட்சத்துக்கு மேற்பட்ட ஜனங்களுக்கு ஐம்பது வைத்தியர்களே இருந்ததாகச் சொல்லப்பட்ட லைபீரியாவிலோ, 10,000க்கு மேற்பட்டோர் நோயுற்றனர். ஏறத்தாழ 4,800 பேர் மாண்டனர். நோயாளியைத் தொட்ட தாதியரும் வைத்தியரும் மடிய, ஆஸ்பத்திரிகள் கதவடைக்க, பிரசவ வேதனையோடு வந்த பெண்களுக்கு இடமில்லாமற் போயிற்று. அவ்விதம் இறந்த தாயை எபோலாக் கணக்கில் யாரும் எழுதுவதில்லை. எழுத வேண்டும் என்பதே என் எண்ணம்.

பொதுச் சுகாதார ஆராய்ச்சியாளர் மார்கரெட் குருக், லைபீரிய சுகாதார அதிகாரிகளோடு சேர்ந்து 2015இல் ‘லான்செட்’ பத்திரிகையில் எழுதிய கட்டுரை இந்த அனுபவத்திலிருந்தே பிறந்தது. ஆபத்துக்கு முன்கூட்டியே ஆயத்தமாகி, அது வந்தபின்பும் பிரசவம், தடுப்பூசி முதலிய அன்றாடக் காரியங்களை விடாமல் நடத்தி, கற்ற பாடத்தால் தன்னைத் திருத்திக்கொள்ளும் சக்தியையே சுகாதார அமைப்பின் தாங்குதிறன் என்று அவர்கள் வரையறுத்தனர். சாதாரண நாட்களில் சிரத்தையோடு கட்டி வளர்க்க வேண்டிய இச்சக்தியை, தொற்று வந்தபிறகு விமானத்தில் இறக்குமதி செய்ய இயலாது.

எபோலா நீங்கியதும் நைஜீரியா மீண்டும் போலியோ வேலையைத் தொடர்ந்தது. 2020 ஆகஸ்டில், இயற்கையாகப் பரவும் போலியோக் கிருமி ஆப்பிரிக்காவை விட்டு அகன்றதாகச் சான்றளிக்கப்பட்டபோது, அக்கண்டத்தில் கடைசியாக அக்கிருமியிலிருந்து விடுபட்ட தேசம் அதுவே.